பானைமூக்கனுக்கு ஒரு ஜன்னல் சீட்டு

காஞ்சிபுரத்திலிருந்து நார்வேக்கு இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ராட்சசன் தலையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சாமுவேல். பெரிய காஞ்சிபுரத்தில் ஆட்டோ ஏறி "பந்தல் சாமுவேல் வீடு" என்றால் போதும், ஆட்டோக்காரர் மேற்கொண்டு வழி கேட்கமாட்டார். அப்பா தென்னேரிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு அறுத்தவர். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்குக் கோவில் உற்சவமா, சர்ச் திருவிழாவா, மந்திரி வருகையா, எதுவானாலும் மூங்கில் நடுவது என் ஆட்கள். இந்தக் கட்டுரையை எழுதுவதும் நானேதான். மருமகள் பிழை திருத்தினாள். "மாமா, கொஞ்சம் கம்மியா பீத்திக்குங்க" என்றாள். கம்மி செய்த பிறகுதான் இது.

கூட வந்தவர் அப்பாண்டைராஜ். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். இவர்களை எங்கள் பக்கம் நயினார் என்போம். கறி தொடமாட்டார்கள், பொழுது சாய்ந்தால் சாப்பாட்டையும் தொடமாட்டார்கள். பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டியே காலத்தை ஓட்டியவர். ஆறடி உடம்பு. பேச்சு மட்டும் குறைவு. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவதால் சிநேகிதம் இத்தனை வருஷம் நிற்கிறது.

மூன்றாவது ஆள், அந்தத் தலை.

தெருவுக்கு ஒரு டிவியும் நாட்டுக்கே ஒரு சேனலும் இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கென்று ஒரு தொடர் வந்தது. அதில் பானைமூக்கன் என்று ஒரு ராட்சசன். பானையைக் கவிழ்த்து வைத்த மாதிரி மூக்கு, முறம் மாதிரி காது. ஒவ்வொரு வாரமும் முடிவில் ஒரு பெரிய வறுத்த தொடையைக் கடித்து இழுத்து, எலும்பைத் தோளுக்குப் பின்னால் எறிந்து, "இன்னும் பசிக்குதே!" என்பான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சோத்துப் பாத்திரத்தைத் திறந்ததும் அதைத்தான் சொல்லும். குரல் கொடுத்தவர் பெரிய நடிகர், அவர் பெயர் டிவியில் வந்தது. தலைக்குள் இருந்தவர் பெயர் வரவில்லை.

தலைக்குள் இருந்தவர் அப்பாண்டைராஜ். அவரை உள்ளே தள்ளியது நான்.

தென்னேரி ஏரிக்கரையில்தான் படம் பிடித்தார்கள். நாற்காலியும் ஜெனரேட்டரும் என் சப்ளை. அப்போதுதான் தொழில் ஆரம்பித்திருந்தேன். பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழில் செய்த தலை அது. அதை மாட்டிக்கொண்ட நடிகர் முதல் நாளே வெயிலில் மயங்கி விழுந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த நயினார் முதுகில் கை வைத்து, "சார், இந்த ஆளு மயங்கமாட்டாரு" என்று ஒரு தள்ளு. அவ்வளவுதான், சரித்திரம்.

அசையாத காகித மூஞ்சி அது. அவர் போட்டால் அசையும். தாடையைக் கொஞ்சம் இறக்கினால் ராட்சசன் வெட்கப்படுவான், ஒரு பக்கம் சாய்த்தால் பொய் சொல்லுவான். கடைசி வாரம் அவன் அழுதான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கவில்லை, ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணீர் வந்ததைப் பார்த்தேன் என்பார்கள்.

பிறகு ஏன் வெளியே சொல்லவில்லை? அந்தத் தொடைதான் காரணம். அது உண்மையில் வாழைக்காய். என் மனைவி எஸ்தர், அதற்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி, வாழைக்காயைத் தொடை மாதிரி செதுக்கி, மிளகாய் அரைத்துத் தடவிப் பொரித்துக் கொடுப்பாள். ஆனால் டிவியில் பார்க்கிறவனுக்கு அது கறிதானே. அப்போதுதான் நயினாருக்குக் கல்யாணமாகியிருந்தது. மாமனார் ஊருக்கே தர்மம் சொல்லும் மனுஷர். வீட்டுக்காரம்மா பத்மாவதி, பானைமூக்கன் தொடையைத் தூக்கியதுமே எழுந்துபோய் டிவியை அணைத்துவிடுவார். "கறி தின்னி! இவன் மூஞ்சியும் முகரையும்!" என்று ஒரு திட்டு வேறு. இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். இப்படியே ஆயுசு பூரா ஆட்டிவிட்டார்.

இந்தக் கதைக்குள் தர்சினி வந்தாள். நார்வேயில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டிவி கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலேயும் தெரிந்திருக்கிறது. அவள் அம்மாவும் அப்பாவும் பனைமரம் உசரத்துக்கு ஆன்டெனா கட்டிப் பானைமூக்கனைப் பார்த்தவர்களாம். தலைக்குள் இருந்தவர் யார் என்று ஆவணப்படம் எடுக்கக் கேமராவோடு காஞ்சிபுரம் வந்தாள். ஊரில் எதைத் தேடி வந்தாலும் கடைசியில் என்னிடம்தான் வரவேண்டும். வந்தாள்.

அதற்குள் "நான்தான் பானைமூக்கன்" என்று வேறு ஆட்களும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் பேண்டு வாசிப்பவர், இன்னொருவர் ஓரிக்கையில் டீக்கடை. படப்பிடிப்பு முடிந்த நாளிலிருந்து என் குடோனிலேயே கிடந்த தலையை எடுத்து அவர்களுக்கு மாட்டிவிட்டோம். பேண்டுக்காரர் தூணில் மோதினார். டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். நயினார் மாட்டிக்கொண்டு லேசாகத் திரும்பினார், அவ்வளவுதான். தர்சினி கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, இவர்தான்" என்றாள்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மூஞ்சி தெரியக்கூடாது, பெயர் வரக்கூடாது. அதனால் படம் முழுக்க நயினாரின் முதுகு, கை, செருப்பு, சுவரில் நிழல். மறந்துபோன நடிகரைப் பற்றிய படத்தில் நடிகரைத் தவிர எல்லாம் இருந்தது. முதல் காட்சிக்கு நார்வே வரச் சொல்லி அவள் கெஞ்சியபோது, மேடையில் தலையை மாட்டிக்கொண்டுதான் நிற்பேன் என்றார்.

"படத்துல முதுகு, மேடையில முகமூடி. எதுக்குய்யா அம்மாந்தூரம் வர்ற?" என்று கேட்டேன்.

"கைதட்டுற சத்தம் கேக்கணும் சாமு" என்றார். "டிவில நடிச்சவனுக்கு அது கேக்கவே இல்ல. தலைக்குள்ள இருந்தாலும் காதுல விழும்."

மேற்கொண்டு கேட்காமல், தலையைச் சுற்ற ஒரு பழைய வேட்டியைத் தேடப் போனேன்.

வீட்டில் என்ன சொல்வது? "சாமு வெளிநாட்டுப் பந்தல் பாக்கப் போறான், துணைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டார். பத்மாவதி தங்கச்சி அவருக்கு அவல், எள்ளுருண்டை, புளிக்காய்ச்சல் எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, வேட்டியில் சுற்றியிருந்த தலையைப் பார்த்து, "இன்னா அண்ணே இது, பூசணிக்காயா?" என்றார்.

"பந்தல் சாமான்மா" என்றேன்.

விசா வாங்கிய கதையை விட்டுவிடுகிறேன். அதைக் கேட்டால் யாரும் வெளிநாடு போகமாட்டீர்கள்.

சென்னை விமான நிலையத்தில் மூட்டையைப் பெட்டிக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். டிவிப் பெட்டியில் பெரிய பல் தெரிந்தது. சோதனை செய்த பெண் அதிகாரி வேட்டியை விலக்கினார். நான் ஆங்கிலத்தில் விளக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர் கத்திவிட்டார்.

"ஐயோ, பானைமூக்கன்! சார், இது எங்க கெடச்சுது உங்களுக்கு? சின்ன வயசுல இவன் வந்தா நான் கட்டிலுக்கு அடியில போய்டுவேன்!"

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் தலையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். செல்போனை எடுத்து, பக்கத்தில் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நயினாரிடம் நீட்டி, "தாத்தா, ஒரு போட்டோ எடுங்க ப்ளீஸ்" என்றார்.

நயினார் ஒரு கையால் பேண்ட்டையும் மறு கையால் செல்போனையும் பிடித்துப் படம் எடுத்தார். "லைட்டு இந்தப் பக்கம்மா, கொஞ்சம் திரும்பு, மூக்குல நிழல் விழுது" என்று வேறு சொன்னார். நான் வாயைத் திறக்கப் போனேன், காலை மிதித்தார்.

ஒஸ்லோவில் இறங்கியதும் எனக்குப் பட்டது, இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ரோட்டைக் கடக்க நின்றால் கார் நிற்கிறது. நயினார் கார் போகட்டும் என்று நிற்கிறார், கார் இவர் போகட்டும் என்று நிற்கிறது. நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இப்படி ஒரு கார் நின்றிருந்தால் பின்னால் ஓரிக்கை வரைக்கும் வரிசை நின்றிருக்கும். கடைசியில் தர்சினிதான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் கேட்கச் சுகமாக இருந்தது. "ஐயா, நாளைக்கு மேடையிலை நீங்களும் கொஞ்சம் கதைக்கவேணும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இதோ பாரும்மா, நான் கதையெல்லாம் விடமாட்டேன். நடந்ததை மட்டுந்தான் பேசுவேன்" என்றேன். பேசுவதைத்தான் அவர்கள் கதைப்பது என்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அது தெரிந்தும் மற்றொரு சொல்லில் கோட்டை விட்டோம் பாருங்கள். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று இரவுச் சாப்பாடு தர்சினி வீட்டில். இரவு என்று பெயர்தான், வெளியே நம்மூர் நாலு மணி வெயில். கோடைக்காலத்தில் அங்கே சூரியன் வீட்டுக்குப் போக மனசில்லாமல் நின்றுகொண்டே இருக்கிறது. தர்சினியின் அம்மா வாசல் வரை வந்து கூப்பிட்டார். மேசை நிறையக் கிண்ணங்கள், ஆவி பறக்கிறது. நயினார் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். அந்தம்மா முதல் மூடியைத் திறந்து சொன்னார்.

"வடிவாச் சாப்பிடுங்கோ ஐயா. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, எல்லாம் மரக்கறிதான்."

நயினார் எழுந்துவிட்டார்.

எங்கள் ஊரில் கறி என்றால் ஆடு, மிஞ்சிப்போனால் கோழி. மரக்கறி என்று ஒன்று இருப்பது எனக்கே தெரியாது. மரத்தில் ஏறுகிற ஏதோ ஒரு பிராணி என்று நினைத்து எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறியதை மறைப்பானேன்.

"ஏன் ஐயா எழும்பிறியள்?"

"இல்லம்மா... பொழுது சாஞ்சிடுச்சு. நாங்க ராத்திரி சாப்பிடறதில்ல."

அந்தம்மா போய்த் திரைச்சீலையை இழுத்தார். வெயில் நேராக வந்து நயினார் மூஞ்சியில் அடித்தது. "இஞ்ச பாருங்கோ. சூரியன் நிக்குதெல்லே?"

நயினார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கைக்கடிகாரத்தைக் காட்டினார். அவர் அதைக் காஞ்சிபுரம் நேரத்திலேயே வைத்திருந்தார். "எங்க ஊர்ல நட்ட நடு ராத்திரிம்மா இப்போ."

"அது உங்கட ஊர்ச் சூரியன். இஞ்ச இருக்கிறது இந்தச் சூரியன்தானே?"

"சூரியன் ஒண்ணுதாங்களே" என்றார் நயினார், பரிதாபமாக.

அந்தம்மா மூடியை மறுபடி மூடினார். மெதுவாகத்தான் மூடினார். "எங்கட வீட்டிலை சாப்பிடமாட்டார் போலை" என்று மகளிடம் சொன்ன குரல் அடங்கிப்போயிருந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயசில், எங்கள் வீட்டு வாசலோடு நின்று தண்ணீர் வேண்டாம் என்று போனவர்களைப் பார்த்து என் அம்மா அதே குரலில்தான் பேசுவாள். நயினார் அந்த ரகம் இல்லை, எஸ்தர் பொரித்த வாழைக்காயைத் தின்று நடித்த மனுஷர். அதை அந்தம்மாவுக்கு எப்படிச் சொல்வது? நான் உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டேன். மரியாதைக்காகத்தான்.

ஒவ்வொரு கிண்ணமாகத் தேடினேன். கத்திரிக்காய், பயித்தங்காய், பூசணி, பருப்பு. தேங்காய்ப்பால் விட்டு அருமையாக இருந்தது. கறி மட்டும் எங்கேயும் இல்லை.

ஓட்டல் அறைக்குப் போனதும் சொன்னேன். "யோவ் நயினாரே, அது கத்திரிக்காய்யா. அவங்க ஊர்ல காய்க்கு அப்படித்தான் பேரு போலக்குது."

"அந்தம்மா வாயாலயே கறின்னாங்க."

"நான் தின்னுட்டு வந்து சொல்றேன்யா!"

"நீ தின்னா எனக்கு எப்படித் தெரியும்? என்னை ஒரு தடவையாவது கறி தின்ன வெக்கணும்னு இத்தினி வருஷமா அலைஞ்சிக்கினு கீறவன் நீ." ஜன்னலில் அந்த ஊர்ச் சூரியன் இன்னும் நிற்பதை ஒரு தரம் பார்த்துவிட்டு, எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஓட்டலில் பழுப்பாக ஒரு பாலாடைக்கட்டி வைத்தார்கள். பார்த்தால் பால்கோவா. வாயில் போட்டால் பாதி கோவா, பாதி உப்பு. இரண்டுக்கும் நடுவில் முடிவு தெரியாமல் நாக்கு நின்றுவிட்டது. நயினார் வாழைப்பழம் தவிர எதையும் நம்பவில்லை.

மாலையில் தியேட்டருக்கு டிராமில் போனோம். தெருவில் ரயில் ஓடுவது மாதிரி. தலைக்கு மடியில் இடம் போதவில்லை, ஜன்னல் சீட்டில் வைத்தோம். எதிரே ஒரு சின்னப் பெண் தன் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். தர்சினி சிரித்துவிட்டு எனக்குச் சொன்னாள். "அந்த மாமாவுக்குச் சுகமில்லையோ, ஏன் கதைக்காமல் இருக்கிறார் எண்டு கேக்கிறாள்."

இறங்குகிற இடம் வந்ததும் நான் இறங்கினேன், தர்சினி இறங்கினாள், நயினார் இறங்கினார். கதவு மூடிக்கொண்டது. பானைமூக்கன் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தபடி போய்விட்டான்.

"தலை! தலை!" என்று நயினார் டிராம் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். இந்த வயசில் இப்படி ஓடுகிறவன் எங்கள் தெருவில் ஒருத்தனும் கிடையாது. "தலை இல்லாம நான் மேடை ஏறமாட்டேன் சாமு, சொல்லிட்டேன்!" என்று ஓடிக்கொண்டே கத்தினார். மூச்சு வாங்கியது. கண்ணும் கலங்கியிருந்தது. கடல் தாண்டி வந்தது கைதட்டலுக்கு, அது டிராமில் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் பிடித்துவிட்டோம். வண்டியில் நல்ல கூட்டம், நிறையப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் பானைமூக்கனுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் தெரியாதவர் பக்கத்தில் உட்காரமாட்டார்களாம், தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று. ராட்சசனுக்கும் அதே மரியாதை கொடுத்திருந்தார்கள். மரியாதை தெரிந்த ஜனம்.

தியேட்டர் நிறைந்திருந்தது. முக்கால்வாசி தர்சினியின் ஆட்கள், தலை நரைத்தவர்கள். மடியில் நார்வே பாஷை பேசும் பேரப்பிள்ளைகள். படம் ஓடியது. பெரிய காஞ்சிபுரத்துத் தெரு வந்தது, ஏரிக்கரை வந்தது, நயினாரின் முதுகு வந்தது. நானும் வந்தேன். நாள் முழுக்கப் பேசியதில் கொஞ்சம்தான் வைத்திருந்தாள். அதில் படத்துக்குத்தான் நஷ்டம். பழைய தொடரிலிருந்து பானைமூக்கன் அழுகிற காட்சி வந்தபோது மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலா பக்கமும் கேட்டது.

விளக்கு போட்டார்கள். நயினார் தலையை மாட்டிக்கொண்டு மேடையில் நடந்தார். ஒரு தோளை இறக்கி, ஒரு காலை இழுத்து, அந்தப் பழைய நடை. கூட்டம் எழுந்துவிட்டது. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சரி, வந்த வேலை முடிந்தது, இப்படியே கீழே இறங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அப்போது டை கட்டிய அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"உங்கள் எல்லாருக்கும் ஒரு புதினமான செய்தி சொல்லட்டே? கிழமைக்குக் கிழமை தொடை கடிச்ச எங்கட பானைமூக்கன், பிறந்ததிலயிருந்து இண்டைக்கு வரைக்கும் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுறவர்!"

கூட்டம் "ஓ!" என்று மறுபடி கைதட்டியது. காகிதத் தலைக்குள் 'மர' எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? பிறந்ததிலிருந்து கறி மட்டும்தான் என்று ஒருவன் மைக்கில் சொல்கிறான், ஊரே கைதட்டுகிறது.

நயினார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினார்.

"யாருய்யா சொன்னது?" வேர்த்துப்போன மூஞ்சி, நெற்றியில் ஒட்டிய நரைமுடி, சிவந்த காது. "இன்னாய்யா பேசிக்கினு கீற? நான் கறி தின்னதே இல்ல! எங்க அப்பன் தின்னதில்ல, தாத்தன் தின்னதில்ல! அது வாழைக்காய்யா! எஸ்தர் தங்கச்சி பொரிச்சுக் குடுத்த வாழைக்காய்! அப்பாண்டைராஜ் என் பேரு, திருப்பருத்திக்குன்றம்! வந்து விசாரிச்சுப் பாரு!"

பிறகுதான் அவருக்கு உறைத்தது, தலை கையில் இருக்கிறது, மூஞ்சி வெளியில் இருக்கிறது. பெயர், ஊர், எல்லாம் அவரே மைக்கில்லாமல் சொல்லி முடித்துவிட்டார்.

முன்வரிசையில் தர்சினியின் அம்மா எழுந்தார். "ஐயா, மரக்கறி எண்டால் கத்திரிக்காய் ஐயா! பயித்தங்காய்! நேற்று அதாலையோ சாப்பிடாமல் எழும்பினனீங்கள்?"

நயினார் என்னைப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனா இல்லியா?" என்றேன்.

அதற்குப் பிறகு விழுந்த கைதட்டலோடு ஒப்பிட்டால் முதலில் விழுந்தது சும்மா. சிரிப்பும் அழுகையும் கலந்து, நாற்காலியெல்லாம் தட்டினார்கள். அவர் மூஞ்சியைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். மறுநாள் பகலில் அந்தம்மா வீட்டில் கத்திரிக்காயை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தம்மா பரிமாறிக்கொண்டே, "உங்கட சூரியனோ எங்கட சூரியனோ?" என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார்.

ஆனால் சந்தோஷம் விமானம் ஏறும் வரைக்கும்தான். மருமகள் போன் செய்தாள். "மாமா, பெரியப்பா மூஞ்சி காஞ்சிபுரம் பூரா சுத்திக்கினு இருக்குது. யாரோ வீடியோ எடுத்துப் போட்டுட்டாங்க. பத்மாவதி பெரியம்மாவும் பாத்துட்டாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல மாமா."

இதைக் கேட்டதிலிருந்து நயினார் ஒரு எள்ளுருண்டைகூடத் தொடவில்லை. மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "திட்டினா பரவால்ல சாமு. ஒண்ணும் சொல்லலியாமே."

திருப்பருத்திக்குன்றத்தில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. நான் முன்னால் போனேன், எந்தச் சண்டைக்கும் முன்னால் போகிறவன் நான். தங்கச்சி கதவருகில் நின்றார். புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த வாழைக்கா எந்தச் சட்டியில பொரிச்சுது?"

"புதுச் சட்டிம்மா. அதுக்குன்னே வாங்கினது. வேற எதுவும் அதுல வெக்கல, எஸ்தர் மேல ஆணை."

தங்கச்சி இப்போது அவர் பக்கம் திரும்பினார். "இதை அன்னைக்கே சொல்றதுக்கு இன்னா? நான் அணைக்காம பாத்திருப்பேன்ல? கடைசி வாரம் அந்த ராட்சசன் அழுதானாமே. தெருவே வந்து சொல்லிச்சு. நான் ஒருத்திதான் பாக்கல."

நயினார் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

அந்த வாரமே அவர்கள் தெருவில் பந்தல் போட்டேன், தர்சினி அனுப்பிய படத்தை வெள்ளைத் துணியில் ஓட்ட. ஆனால் தெருவில் பாதிப் பேர் படம் ஆரம்பிப்பதற்கு முன்பே போட்டோ எடுக்க வந்துவிட்டார்கள். நயினார் பக்கத்தில் நின்று, "பெரிப்பா, அந்தத் தலையை மாட்டிக்குங்க, அப்பத்தான் தெரியும்" என்றார்கள்.

"மாட்டமாட்டேன்" என்றார். "எடுக்கறதா இருந்தா மூஞ்சியோட எடுங்க."

மூஞ்சியோடு எடுத்தால் யாரோ ஒரு பெரியவர் கூட நிற்கிற மாதிரிதான் இருக்கிறது, பானைமூக்கன் இல்லையே என்று முணுமுணுத்தார்கள். சரி, தலையை நான் மாட்டிக்கொள்கிறேன், அவர் பக்கத்தில் நிற்கட்டும் என்றேன். நல்ல யோசனை எப்போதும் எனக்குத்தான் வரும். மாட்டினேன். காதைத் தாண்டி இறங்கிக் கப்பென்று உட்கார்ந்தது. ஊர் முழுக்க அப்படிப் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன். நம்பித்தான் ஆகவேண்டும்.

உள்ளே பழைய பசையும் சூடும். வாய் ஓட்டை வழியாக ஒரு முழம் தரைதான் தெரிகிறது. அதில் தங்கச்சியின் புடவைக் கரை வந்து நின்றது.

"எப்படி அழுதீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று நயினாரைக் கேட்டார்.

"சாமு, தலையைக் குடு" என்றார் நயினார்.

இழுத்தேன். வரவில்லை. அவர் இழுத்தார். காதுதான் வந்துவிடும் போல இருந்தது. என் தலை கொஞ்சம் பெரிசு, அறிவு உள்ளவர்களுக்கு அப்படித்தான். பிள்ளைகள் சிரித்தன. யாரோ எண்ணெய் எடுத்து வர ஓடினார்கள்.

"அப்படியே நில்லு" என்றார் நயினார் காதோரம். அவர் கை என் தாடைக்கு அடியில் வந்தது, மறு கை பிடரியில். சேலை விரித்த கை, லேசாகத்தான் பிடித்தார். "மூச்சை விடு. தோளை விடு. நீ ஒண்ணும் பண்ணாத." தலையை மெல்லத் தூக்கினார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்த்து, ரொம்ப மெதுவாகக் கீழே இறக்கினார். அவ்வளவுதான். எனக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றுபோனது. தங்கச்சியின் புடவைக் கரை ஒரு அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றார் தங்கச்சி, நயினார் கை தலையைக் கழற்றத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல, "நீங்க இவ்ளோ நல்லா அழுவீங்களா!"

"நான் இல்லம்மா, அது அவரு!" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். தலைக்குள் இருந்து கத்தியதால் ஒருத்தர் காதிலும் விழவில்லை.